மாத்திரை நின்ற பிறகு சந்தோஷம் எப்போது திரும்பும்?

டிரமடால் என்ற வலி மாத்திரையை நிறுத்தினால் உடம்பு என்ன பாடுபடும் என்பதையாவது யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உடம்பு தேறிய பிறகு வரும் மாதங்களைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை. காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை, வேலைக்குப் போகிறோம், உலை வைக்கிறோம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம். ஆனால் எதிலும் மனசு ஒட்டாது. பிடித்த சாப்பாடு ருசிக்காது. ஊரே சிரிக்கிற விஷயத்துக்கு நமக்குச் சிரிப்பு வராது. இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தானோ என்ற பயம் மட்டும் ராத்திரியில் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அந்த மாதங்களை நான் தனியாகக் கடந்தேன். மருந்து இல்லாமலே மனசு பொங்கிப் பூரிக்கிற நிலை ஒன்று இருக்கிறது, அது திரும்பி வரும், ஆனால் தாமதமாக வரும் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி பயம் போயிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், பாக் விரிகுடா ஓரமாக இருக்கிறது. இந்தப் பக்கத்தை வடகடல் என்போம், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வீட்டுக்காரர் சவூதியில் வேலை பார்க்கிறார். நான் மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தை மாதத்தில் ஒரு நாள் காலை, வாடைக்காற்று ரோட்டில் அள்ளிப் போட்டிருந்த மணலில் ஸ்கூட்டர் வழுக்கியது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தனியார் மருத்துவமனை ஒன்றில் தகடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் டிரமடாலும் இருந்தது. வலி இருக்கும் வரை போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள், அவ்வளவுதான். எத்தனை நாள், எப்படிக் குறைப்பது, பழகிப்போகுமா என்ற பேச்சே இல்லை.

அந்த மாத்திரை கால் வலியை மட்டும் குறைக்கவில்லை. போட்ட ஒரு மணி நேரத்தில் மனசில் இருக்கிற பாரமெல்லாம் இறங்கிவிடும். வீட்டுக்காரர் ஊரில் இல்லாத குறை, கட்ட வேண்டிய நகைக்கடன், மாமியாரின் முணுமுணுப்பு எல்லாம் தள்ளிப்போய் நிற்கும். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. முதலில் வாங்கின மாத்திரை தீர்ந்த பிறகும் மருந்துக்கடையில் பழைய சீட்டையே பார்த்துக் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். மத்திய அரசு 2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வைகாசிக் கடைசியில் ஒரு நாள், இனிமேல் புதுச்சீட்டு இல்லாமல் தர முடியாது என்று கடையில் கையை விரித்தார்கள். சரி, கால்தான் ஆறிவிட்டதே, விட்டுவிடுவோம் என்று வீட்டுக்கு வந்தேன்.

மறுநாளே தொடங்கியது. விடாமல் கொட்டாவி, மூக்கில் தண்ணீர், கண்ணில் தண்ணீர். வைகாசி வெயிலில் உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, அடுத்த நிமிடம் வேர்த்து ஊற்றுகிறது. வயிறு பிடுங்கிக்கொண்டு போனது. ராத்திரி படுத்தால் கால் ரெண்டும் ஒரு இடத்தில் நிற்காது, எழுந்து நடந்துகொண்டே இருக்க வேண்டும் போல இருக்கும். ஏதோ விஷக்காய்ச்சல் என்று நினைத்து நிலவேம்புக் கஷாயம் குடித்தேன். ஒரு வாரம் ஆயிற்று அடங்க. அது காய்ச்சல் இல்லை, மருந்துக்குப் பழகின உடம்பு மருந்து கேட்கிற பாடு என்பது மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரிந்தது. இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வாரக்கணக்கில் போட்ட டிரமடாலைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். தினமும் நிறையக் குடிக்கிறவர்களுக்கும், தூக்க மாத்திரை பழகினவர்களுக்கும் இது இன்னும் கண்டிப்பு. அவர்கள் குடியையோ தூக்க மாத்திரையையோ ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறிப் பிதற்றலாம், உயிரே போகலாம். வைராக்கியத்தால் சாதிக்கிற காரியம் இல்லை அது.

உடம்பு அடங்கிய பிறகு ஆனி மாதம் வேலைக்குப் போனேன். அதற்குள் சம்பளத்தில் கிட்டத்தட்ட நாற்பதாயிரம் ரூபாய் போய்விட்டது. கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் எண்கள் தெரியும், கை எழுதும், சம்பந்தமே இல்லாத ஆள் மாதிரி நான் உட்கார்ந்திருப்பேன். மகன் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னான். "நல்லதுப்பா" என்றேன். அதற்கு மேல் உள்ளே எதுவும் எழவில்லை. அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். எனக்கு அந்த வருஷம் நேர்ந்ததிலேயே பெரிய வலி அதுதான், எலும்பு முறிந்தது கூட இல்லை.

வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். வீடியோ காலில் வீட்டுக்காரர், "நல்லா ரெஸ்ட் எடு, சரியாயிரும்" என்றார். மாமியார், காத்துக் கருப்பு ஏதாவது இருக்கும், ஏர்வாடிக்கு ஒரு நடை போய்வருவோம் என்றார். ஏர்வாடி தர்காவுக்குச் சாதி மதம் பார்க்காமல் எங்கள் மாவட்டத்து ஜனம் போகும், அங்கே போய் உட்கார்ந்தால் மனசு அமைதியாகிறது என்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனசு சரியில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்காமல் அங்கே விட்டுவிட்டு வருவது வேறு. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். நான் அந்தச் செய்தி கேட்டு வளர்ந்தவள். "அத்தை, போவோம், கும்பிட்டு வருவோம். ஆனா டாக்டரையும் பார்ப்பேன்" என்றேன்.

ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் பணம் போன இடங்கள் ரெண்டு இருக்கின்றன. முதலாவது, சந்தோஷ ஹார்மோனைக் கூட்டும் மூலிகை கேப்சூல் என்று போனில் விளம்பரம் வந்து வாங்கியது. 2,800 ரூபாய். டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று முழுசாக இல்லை. அதைப் போட்டு ஒன்றும் ஆகவில்லை, பாதியில் விட்டேன். ஒன்றும் ஆகாமல் போனதே நல்லது என்று பிறகு டாக்டர் சொன்னார். டிரமடாலோ மனச்சோர்வு மாத்திரையோ போடுகிறவர்கள், மூளையில் மனநிலையோடு சம்பந்தப்பட்ட செரோட்டோனின் என்ற பொருளைக் கூட்டுகிற எதையும் தானாகச் சேர்த்துக்கொண்டால் ரெண்டும் சேர்ந்து ஜுரம், நடுக்கம், படபடப்பு என்று ஆபத்தில் கொண்டுபோய் விடுமாம். இயற்கை என்று போட்டிருப்பதால் மட்டும் ஒரு டப்பா தீங்கில்லாதது ஆகிவிடாது.

ரெண்டாவது, கொடைக்கானல் பக்கம் நடந்த ஒரு முகாம். மருந்தில்லாமல் பேரானந்தம் என்று பெயர் போட்டிருந்தார்கள். சனி ஞாயிறு ரெண்டு நாளைக்கு 9,000 ரூபாய், போக வரச் செலவு தனி. வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார்கள், தலை கிறுகிறுத்தது, விரலெல்லாம் மரத்தது. அதுதான் ஆனந்தத்தின் தொடக்கம் என்றார்கள். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து யாருக்கும் அப்படித்தான் ஆகும். பிறகு டிரம்மில் ஐஸ் போட்டு அதில் உட்காரச் சொன்னார்கள். குளிர்ந்த நீரில் இருந்தால் உடம்பைச் சுறுசுறுப்பாக்குகிற நார்அட்ரினலின், டோபமின் என்ற பொருட்கள் கூடுவது உண்மைதான், ஆனால் அதை அளந்து பார்த்த சோதனையில் தண்ணீர் 14 டிகிரியில் இருந்தது, ஆட்களை ஆராய்ச்சியாளர்கள் கண்காணித்தார்கள். அந்த முகாமில் வந்தவர்களிடம் ரத்தக்கொதிப்பு உண்டா, நெஞ்சு வலி உண்டா என்று கேட்கக்கூட இல்லை. திடீர்க் குளிர் இதயக்கோளாறு உள்ளவர்களை அடித்துப் போட்டுவிடும். வெளியே வந்தபோது எனக்கும் உடம்பு விறுவிறுவென்று இருந்தது, பொய் சொல்லவில்லை. அந்த விறுவிறுப்பு மதுரையில் ரயில் ஏறுவதற்குள் தீர்ந்துவிட்டது. மறுபடியும் 9,000 ரூபாய் கட்டினால்தான் வரும் என்றால், அதற்கும் மாத்திரைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போனேன். ஓ.பி. சீட்டு வாங்கிக் காத்திருந்தது தவிர வேறு செலவில்லை. அங்கே இருந்த டாக்டர் அம்மா என்னிடம் முதலில் கேட்ட கேள்வியே, "ஆபரேஷனுக்குப் பிறகு என்ன மாத்திரை போட்டீங்க, எவ்வளவு நாள்?" என்பதுதான். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. உடம்பு தானாகவே வலிநிவாரணி சுரக்கும் என்பதை அவர்தான் விளக்கினார். 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ், ஜான் ஹியூஸ் என்ற ரெண்டு பேர் பன்றி மூளையில் இருந்து அப்படி ஒரு பொருளை முதலில் பிரித்துக் காட்டினார்களாம். எண்டார்பின் என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, அந்தக் குடும்பம். அபின், மார்பின், டிரமடால் எல்லாம் போய் ஒட்டுகிற அதே இடத்தில்தான் நம் உடம்பின் சொந்தச் சரக்கும் ஒட்டுகிறது. "ஊத்து தோண்டி வச்சிருக்கீங்க, தினமும் லாரித் தண்ணியக் கொண்டாந்து ஊத்துனா ஊத்தை யாரும் தூர் எடுக்க மாட்டீங்கள்ல? அது தூர்ந்துபோகும். லாரி நின்னதும் ஊத்து உடனே ஊறாது. ஆனா வத்திப் போகல" என்றார். கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிற ஊர்க்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்கள் ஆகலாம், சந்தோஷம் வருகிற வரை காத்திருந்துவிட்டு வேலையைத் தொடங்கக்கூடாது, வேலையைத் தொடங்கிவிட்டால் சந்தோஷம் பின்னால் வரும் என்றார். எனக்கு வேறு மாத்திரை எதுவும் எழுதவில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு எழுதுவார்கள், அதை வாங்கிச் சாப்பிடுவதில் தயங்க வேண்டாம்.

அப்புறம்தான் பக்கத்து வீட்டு மதினியோடு கடலுக்குப் போக ஆரம்பித்தேன். மதினி முன்பெல்லாம் தீவுப் பக்கம் போய் முங்கிப் பாசி எடுத்தவர். இப்போது மூங்கில் மிதவையில் கயிறு கட்டிப் பாசி வளர்க்கிறார். நாற்பத்தைந்து நாளில் அறுக்கலாம். விடிந்தும் விடியாமலும் மிதவையைப் பார்க்கப் போவார். "கால் வலிக்குதுன்னு வீட்டுலயே கெடந்தா கால் உனக்கு எப்ப வழங்கும்? வாத்தா, இடுப்புத் தண்ணியில செத்த நேரம் நட" என்றார். தகடு வைத்த காலால் ரோட்டில் வேகமாக நடக்க முடியாது. இடுப்பளவு தண்ணீரில் உடம்பின் பாரம் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடுகிறது, ஆனால் தண்ணீரைத் தள்ளி நடப்பதால் மூச்சு வாங்குகிறது. முட்டி வலியோ பருத்த உடம்போ உள்ளவர்களுக்கும் இதை நான் முதலில் சொல்வேன்.

எவ்வளவு வேகம் என்பதற்கு எளிய வழி இருக்கிறது. பேசினால் துண்டு துண்டாகப் பேச வர வேண்டும், பாட்டுப் பாட முயன்றால் வரக்கூடாது. சும்மா உலாத்தினால் போதாது, உயிரைக் கொடுத்து ஓடவும் கூடாது. 2021-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் ஆராய்ச்சியாளர்கள், எண்டார்பின் ஒட்டுகிற இடத்தை மருந்தால் அடைத்துவிட்டு ஆட்களை 45 நிமிடம் நடுத்தர வேகத்தில் ஓடவிட்டார்கள். அப்படியும் ஓடினவர்களுக்கு மனசு பூரித்தது. உடம்பில் சுரக்கும் ஆனந்தமைடு போன்ற வேறு பொருட்கள் அந்தப் பூரிப்பைத் தருவதாகத் தெரிகிறது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு வழி தூர்ந்துகிடந்தாலும் உடம்புக்கு இன்னொரு வழி திறந்தே இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் முதல் வாரங்களில் ஒன்றுமே வரவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் அங்கேதான் விட்டுவிடுவார்கள். தண்ணீரில் நடந்தேன், களைத்தேன், வீட்டுக்கு வந்தேன், அவ்வளவுதான். பூரிப்பும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. முதலில் மாறியது தூக்கம். விடியற்காலை வெளிச்சம் கண்ணில் பட்டதாலோ, களைப்பாலோ, ராத்திரி ஒன்பதரைக்கெல்லாம் கண் சொக்க ஆரம்பித்தது. அதற்கடுத்துப் பசி. சந்தோஷம் அதற்கெல்லாம் பின்னால்தான் வந்தது. தூக்கம் திரும்பிவிட்டதென்றால் சரியான பாதையில்தான் போகிறோம் என்று தெம்பாக இருங்கள்.

கடலில் இறங்குகிறவர்களுக்கு எங்கள் ஊர் முறையைச் சொல்லிவிடுகிறேன். கச்சான் காற்று அடிக்கிற ஆனி முதல் புரட்டாசி வரை வடகடல் அமைதியாக இருக்கும், தென்கடல் கொந்தளிக்கும். ஐப்பசியில் வாடை திரும்பினால் நேர்மாறு. எந்தப் பக்கம் அமைதியோ அந்தப் பக்கம் இறங்குங்கள். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடங்கள், கீழே திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடும். சொறி, அதாவது ஜெல்லி மீன், மிதந்து வருகிற நாளில் இறங்காதீர்கள். தனுஷ்கோடிக்குப் போனால் அரிச்சல்முனையில் நின்று பார்ப்பதோடு சரி, ரெண்டு கடலும் சேருகிற இடத்தில் இழுப்பு பொல்லாதது. அப்புறம், முகாமில் சொல்லித்தருகிற வேக மூச்சைத் தண்ணீருக்குள்ளோ தண்ணீருக்குப் பக்கத்திலோ ஒருபோதும் செய்யாதீர்கள். மூச்சு முட்டுகிற உணர்வை நமக்குத் தருவது கரியமில வாயு. வேக மூச்சால் அதைக் குறைத்துவிட்டு முங்கினால், பிராணவாயு தீர்ந்துபோனாலும் மேலே வர வேண்டும் என்று தோன்றாது. நீந்தத் தெரிந்தவர்கள் ஆழமில்லாத தண்ணீரில்கூட மயங்கிச் செத்துப்போவது இப்படித்தான். மதினியிடம் இதைச் சொன்னேன். "நாங்க ஒரே மூச்சு நெஞ்சு நிறைய இழுத்துட்டு முங்குவோம். ஒருத்தி முங்குனா இன்னொருத்தி மேல நின்னு பார்ப்பா. தனியா முங்குறது கெடையாது" என்றார்.

புரட்டாசியில் ஊரில் முளைப்பாரிக்குக் காப்புக் கட்டினார்கள். எங்கள் பக்கத்தில் இது பெண்களின் திருவிழா. பாசிப்பயறும் தட்டாம்பயறும் மொச்சையும் ஊறவைத்து, ஓட்டில் எருவும் வைக்கோலும் பரப்பி விதைத்து, இருட்டு வீட்டில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். வெயில் படாமல் வெளிறி, முழங்கை உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். அது வளருகிற ராத்திரிகளில் எல்லாம் முளைக்கொட்டுத் திண்ணையைச் சுற்றிப் பெண்கள் கும்மி கொட்டுவார்கள். நான் போக விரும்பவில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்கள் நடுவில் போய் நிற்பதுதான் அந்த நிலையில் ரொம்பக் கஷ்டம். மதினி விடவில்லை. "கொட்ட வேணாம், சும்மா வந்து நில்லு" என்று கூட்டிப்போனார். முதல் ராத்திரி நின்று பார்த்தேன். அடுத்த ராத்திரி வட்டத்தின் வால்பக்கம் சேர்ந்துகொண்டேன். பாட்டி ஒருவர் ஒரு அடி பாடுவார், மற்றவர்கள் தன்னானே போட்டு வாங்குவோம். ரெண்டு எட்டு முன்னால், குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, திரும்பி ஒரு தட்டு. காலில் தகடு இருப்பதால் திரும்பும்போது தடுமாறும். தாளம் தப்பாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் வேறு நினைப்பே இல்லை.

திருவிழா நெருங்குகிற ஒரு ராத்திரியில்தான் நடந்தது. பாட்டு வேகம் எடுத்து, அத்தனை கையும் ஒரே நொடியில் தட்டுகிற சத்தம் திண்ணைச் சுவரில் பட்டுத் திரும்பியது. உச்சந்தலையில் தொடங்கி முதுகு வழியாக ஒரு சிலிர்ப்பு இறங்கியது. மாத்திரை விட்ட நாட்களில் வந்த புல்லரிப்பு இல்லை இது. நெஞ்சு விரிந்து, கண்ணில் தண்ணீர் வந்து, தொண்டை தானாகத் திறந்து சத்தமாகப் பாடினேன். பக்கத்தில் நின்ற சின்னப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன், உள்ளே இருந்து வந்த சிரிப்பு. பாட்டு முடிந்ததும் சுண்டல் கொடுத்தார்கள். வாழையிலைக் கிழிசலில் சூடாக இருந்தது. தேங்காய்ப் பல் கடிபட்டதும் அதன் இனிப்பும், பயறில் ஏறியிருந்த உப்பும், தாளித்த வரமிளகாயின் காரமும் தனித்தனியாக நாக்கில் தெரிந்தன. வைகாசியில் இருந்து எனக்கு எதுவும் அப்படி ருசிக்கவில்லை. இன்னொரு கை வாங்கிச் சாப்பிட்டேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தனியாகச் செய்கிறதற்கும் சேர்ந்து செய்கிறதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் உடம்பால் உணர்ந்தேன். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் துடுப்பு வீரர்களை வைத்து ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். தனித்தனியாகத் துடுப்புப் போட்டதைவிட, அதே உழைப்பை ஒரே தாளத்தில் சேர்ந்து போட்டபோது அவர்களால் வலியைக் கூடுதலாகத் தாங்க முடிந்தது. எண்டார்பின் கூடியதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். கரைவலை இழுக்கிறவர்கள் ஏலேலோ போட்டு இழுப்பதை நாம் காலம்காலமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கும்மி இல்லாத ஊரில் கோயில் பஜனை இருக்கும், தேவாலயத்தில் பாடகர் குழு இருக்கும், கோலாட்டமோ பறையாட்டமோ சொல்லித்தருகிறவர்கள் இருப்பார்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, பத்துப் பேரோடு சேர்ந்து வாய் திறந்தால் போதும். போனில் பாட்டுக் கேட்பது நல்லதுதான், ஆனால் எனக்கு அது இந்த வேலையைச் செய்யவில்லை.

சிரிப்பும் அப்படித்தான். பின்லாந்தில் துர்க்கு நகரில், நண்பர்களோடு உட்கார்ந்து அரைமணி நேரம் நகைச்சுவைக் காட்சிகள் பார்த்துச் சிரித்தவர்களின் மூளையைப் படம்பிடித்து, எண்டார்பின் வகைப் பொருள் சுரப்பதை 2017-ல் காட்டியிருக்கிறார்கள். சாயந்தரம் கருவாடு அள்ளுகிற இடத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் அடிக்கிற கிண்டலுக்கு முன்னால் எந்தக் காட்சியும் நிற்காது. நான் வேலை விட்டு வருகிற வழியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அங்கே உட்கார ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் சிரிப்பு வராது, சும்மா உட்கார்ந்திருப்பேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுவே பெரிய உதவியாக இருந்தது. காரமான நண்டுக் குழம்பு, எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவது, மார்கழியில் கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரைக் கூட்டம் நிற்பதைப் பார்க்கப் போவது, இவையும் தங்கள் பங்குக்கு உதவின. ஆனால் என் கணக்கில் முதலிடம் தண்ணீரில் நடந்ததற்கும் கும்மிக்கும்தான்.

கும்மி ராத்திரிக்கு மறுநாள் காலையில் மறுபடியும் மந்தமாகத்தான் எழுந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை வந்துவிட்டால் நிலைத்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வந்து போகும், இடைவெளி குறையும். நேற்று வந்தது இன்று ஏன் வரவில்லை என்று அதைத் துரத்தினால் அன்றைக்கு வராது. மாத்திரை கொடுத்த சுகம் நேரம் சொல்லி வரும், கேட்ட அளவு வரும். இது அப்படி வராது, அளவும் சின்னது. ஆனால் இறங்கும்போது அடிக்காது. மறுநாள் உடம்பு கடன் கேட்காது. தையில் என் மகன் கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கி வந்தபோது அவனைத் தூக்கிச் சுற்றினேன். கால் வலித்தது, அவன் கத்தினான், மாமியார் திட்டினார்.

எல்லாருக்கும் இது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ரெண்டு வாரத்துக்கு மேல் எழுந்திருக்கவே மனசில்லாமல், சாப்பாடு இறங்காமல், செத்தால் தேவலை என்ற நினைப்பு வந்தால் கடலும் கும்மியும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. குடி, மாத்திரை, கஞ்சா என்று எதில் இருந்தும் வெளியே வர 14446 என்ற எண் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய சீட்டுகளையும் காலி அட்டைகளையும் கையோடு எடுத்துப்போங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை என்று தெரிந்தால் அவர்கள் வேலை பாதி முடிந்துவிடும்.

வீட்டில் இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. யாருக்காவது ஆபரேஷன் முடிந்து வலி மாத்திரை கொடுத்து அனுப்பினால், அது டிரமடால் மாதிரி ஓபியாய்டு வகையா, அதாவது அபின் போல வேலை செய்கிற மருந்தா, எத்தனை நாளைக்கு, எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று டிஸ்சார்ஜ் சீட்டு வாங்குகிற இடத்திலேயே கேட்டு, அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கிற மாத்திரையை அலமாரியில் வைக்காதீர்கள். என் பீரோவில் புடவைக்கு அடியில் பாதி அட்டை கிடந்தது. விட்ட பிறகும் மோசமான ராத்திரிகளில் அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பே தூங்கவிடாது. அதை எடுத்து ஆஸ்பத்திரி மருந்தாளரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த அன்றுதான் நான் முழுசாகத் தூங்கினேன்.